அம்மா பெயர் போட்ட தியேட்டர்

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி எழுதுவது. உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே நானும் என் பதினோரு தியேட்டர்களும் நலம்.

அப்பா உங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போன தியேட்டரை வாங்கியது நான்தான் என்று இப்போது தெரிந்திருக்கும். நானே வந்தால் தரமாட்டீர்கள் என்றுதான் என் மேனேஜரை வெளியாள் போல அனுப்பினேன். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, என் தம்பி கைக்கு மட்டும் போயிடக் கூடாதுன்னு சொன்னீர்களாமே. வயிறு வலிக்கச் சிரித்தேன். புதுப்படம் ஒன்றுகூட உங்களுக்குக் கிடைக்காமல் பார்த்துக்கொண்டதும் நான்தான். உப்பைத் தின்றவன் தண்ணி குடிச்சுத்தான் ஆகணும் என்று நீங்கள்தானே அடிக்கடி சொல்வீர்கள்.

என் முதல் தியேட்டரின் திறப்பு நாளை மறந்திருக்க மாட்டீர்கள். இருவருக்கும் சேர்த்து ஒரே படப்பெட்டி. நீங்கள் ஓட்டி முடித்த ரீலை ஒவ்வொன்றாக எனக்கு அனுப்ப வேண்டும். இடைவேளை வரை அனுப்பினீர்கள். மீதியைப் பூட்டி வைத்துக்கொண்டு, வண்டி பஞ்சர் என்று ஆள் விட்டீர்கள். ஜனங்கள் நாற்காலிகளை உடைத்தார்கள். அம்மாவைப் பின்கதவு வழியாகக் கூட்டிப்போனேன். அன்று வீட்டில் அவளிடம், பெட்டிக்கடை நடத்தத் தெரியாதவனுக்குத் தியேட்டர் கேக்குதான்னு கேட்டீர்கள். அதன்பிறகு அவள் என் தியேட்டர் எதிலும் கால் வைக்கவில்லை. கண்ணை மூடும்வரை அவளுக்கு நான் உருப்படாதவன்தான். அதை நான் மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை.

முகப்பில் இருக்கும் அம்மா பெயரை மட்டும் எடுத்துவிடாதே என்று எழுதியிருக்கிறீர்கள். எடுக்கவில்லை. துணி போட்டு மூடியிருக்கிறேன். புது நாற்காலி, புதுத் திரை எல்லாம் போட்டாயிற்று. அடுத்த மாதம் திறப்பு. சொந்தபந்தம் எல்லோரும் வருகிறார்கள். நீங்களும் வாருங்கள். படம் தொடங்குமுன் மைக்கைப் பிடித்து, அன்று ரீலைப் பூட்டி வைத்தது யார் என்று சொல்லுங்கள். சொன்னால் அந்தத் துணி விலகும். அதன்பின் என் தியேட்டர் எல்லாவற்றுக்கும் அம்மா பெயர்தான். சொல்லாவிட்டால் மறுநாளே பெயர் கீழே இறங்கும். பெற்றவள் பெயராச்சே, தம்பிக்கு மனசு வருமா என்று கணக்குப் போடாதீர்கள்.

உங்களுக்கு நெஞ்சில் சளி கட்டியிருப்பதாக அண்ணி போனில் சொன்னார். அலட்சியமாக இருக்க வேண்டாம். மருந்தை வேளை தவறாமல் சாப்பிடுங்கள். நீங்கள் நூறு வயது இருக்க வேண்டும், அண்ணா. அந்த ஒரு வார்த்தையை உங்கள் வாயால் நான் கேட்பதற்குள் உங்களுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது.

இப்படிக்கு,
உங்கள் கூடப் பிறந்தவன்