வண்டிக்குப் போன மாவுச் சல்லடை

வீட்டம்மாவுக்கு,

முட்டிவலி குறைந்ததா? சாப்பிட்ட பிறகுதானே மாத்திரை போடுகிறாய்? எழுத வந்தவை மூன்று:

1. நான் நலம்.
2. வண்டிக்கு நானே ஒரு காப்பு செய்தேன்.
3. எனக்கு இங்கே எதுவும் தேவையில்லை.

நான் மோட்டார் சைக்கிளில் மருந்துப் பெட்டிகள் கொண்டுபோகும் சாலையில் ஜல்லி கொட்டியிருக்கிறார்கள். முன்சக்கரத்தில் பட்டுத் தெறித்த கல் ஒன்று, எஞ்சினைக் குளிர்விக்கும் ரேடியேட்டரைத் துளைத்து, நீரெல்லாம் ஒழுகிவிட்டது. பயப்படாதே, நான் விழவில்லை. ஆனால் மேலாளர், "இன்னொரு தடவை வழியில நின்னா வேற ஆளைத்தான் பாக்கணும், சார்" என்றார்.

கல் படாமல் தடுக்கும் காப்பு கடையில் விலை அதிகம். நீ கொடுத்தனுப்பிய மாவுச் சல்லடையின் வலையை வெட்டி, ரேடியேட்டருக்கு முன்னால் கம்பியால் கட்டினேன். இரண்டு முறை அளந்தவன், காற்றுப் போக வேண்டும் என்பதை மறந்துவிட்டேன். அரை மணியில் எஞ்சின் கொதித்தது.

மெக்கானிக் குனிந்து பார்த்தார். "என்ன பெரியவரே, காத்தையும் சலிச்சுத்தான் உள்ள விடுவீங்களா?"

பிறகு, தட்டுகளை வடியவைக்கும் கம்பிக் கூடையை வெட்டிக் கட்டினேன். அதன் கண்களில் பட்டாணி நுழையும். மூன்று வாரமாகக் கற்கள் அதில் பட்டு விலகுகின்றன. வண்டி நிற்கவில்லை, வேலையும் போகவில்லை. கூடை போனதில் நஷ்டமில்லை. இருப்பது ஒரே தட்டு.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. அந்தத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு இதைப் படித்துப் பார்த்தேன். மூன்றாவதாக எழுதியது தவறு. ஒரு சல்லடை வேண்டும், இன்னொரு தட்டும் வேண்டும். தபாலில் அனுப்பாதே. முட்டிவலி விட்டதும் நீயே எடுத்து வா.