தலை வலிக்கிறது என்று நீங்கள் சொன்னபோது

அண்ணே,

இன்று ரத்தோட்டையில், படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாருக்கென்று ஒரு வகுப்பு வைத்தார்கள். இளம் டொக்டரம்மா ஒருவர், குழாய் வழியாக மூத்திரம் வந்து சேரும் பையில் பொருத்துகிற சின்னப் பட்டையொன்றைக் காட்டினார். மஞ்சளாக இருந்தது. கிருமி பிடித்த மூத்திரம் பட்டதும் பச்சையாகி, பிறகு கருநீலமானது. குழாயில் உப்புப் படிந்து அடைக்கப்போவதைச் சில நாட்களுக்கு முன்பே அது காட்டிவிடுமாம். அந்த மூத்திரம் இருந்த போத்தலை அவர் திறந்தபோது எழுந்த நெடி என்னை உங்கள் கட்டிலருகே கொண்டுபோய் நிறுத்தியது. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது.

கராம்பு மரத்திலிருந்து விழுந்து நெஞ்சுக்குக் கீழே உணர்வு போன பிறகும் உங்கள் வாய் அடங்கவில்லை. ரேடியோவில் கிரிக்கெட் கேட்டு நடுவரைத் திட்டுவீர்கள். நான் பையைக் காலிசெய்யும்போது, "நம்ம லயத்து வீட்டு தண்ணி பைப்ப விட இது நல்லா ஓடுது தங்கச்சி" என்று சிரிப்பீர்கள்.

அந்தக் கடைசிக் கிழமை குழாயில் வெள்ளை மணல்போல ஏதோ ஒட்டியிருந்தது. பை நிறையவில்லை. உங்களுக்குத் தலை வெடிக்கிற வலி, முகமெல்லாம் வியர்வை. கீழே உணர்வு இல்லாதவர்களுக்குக் குழாய் அடைத்தால் அது தலையில்தான் தெரியும். த்ரீவீலரில் ஏற்றி கிளினிக்குக் கொண்டுபோனேன்.

"டியூப் அடைச்சிருக்கு மிஸ்ஸி. மாத்தி விடுங்க," என்று அங்கிருந்த நர்ஸிடம் சொன்னேன்.

அந்த நர்ஸ் உங்களைப் பார்க்கக்கூட இல்லை. "இவருக்குத்தான் கீழ உணர்ச்சியே இல்லையே. மாத்துற நாள் அடுத்த கிழமை. தலவலிக்கு பெனடோல் குடுங்க," என்று என்னிடம் சொன்னார்.

"காலுதான் செத்துப்போச்சு மிஸ்ஸி, தல சாகல. வலிக்குதுனா வலிக்குது," என்றீர்கள்.

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். டொக்டரைப் பார்க்க விடவில்லை. மறுநாள் காய்ச்சலில் நடுங்கினீர்கள். பெரிய ஆஸ்பத்திரியில் புதுக் குழாய் போட்டதும் பை மளமளவென்று நிறைந்தது. அதற்குள் கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டது. "முன்னாடியே கொண்டு வந்திருக்கலாமே," என்றார் அங்கிருந்த டொக்டர். முன்னாடியேதான் கொண்டுபோனேன், அண்ணே! நீங்கள் வீடு திரும்பவில்லை.

வகுப்பு முடிவில் கேள்வி கேட்கச் சொன்னார்கள். எழுந்தேன். "இது நீலமானா டியூப உடனே மாத்துவீங்களா, கிளினிக் நாளுக்கு வான்னு அனுப்புவீங்களா? எங்கண்ணன் வாயத் தொறந்து சொன்னாரு. மனுசன் சொன்னத நம்பாதவங்க கலர நம்புவாங்களா?"

"நியாயமான கேள்விக்கா. மாத்துவாங்கன்னு என்னால உறுதி சொல்ல முடியாது," என்றார் டொக்டரம்மா. அந்த நேர்மைகூட என்னைத் தணிக்கவில்லை.

வாசலில் ஒரு பெண் என் கையைப் பிடித்தாள். அவள் கணவருக்குக் காலையிலிருந்து பை நிறையவில்லை. நாம் போன அதே கிளினிக்கில் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அவரை மறுபடி ஏற்றிப்போக, அவர்களோடு நானும் போனேன். மாற்றும்வரை நகரமாட்டேன் என்று கதவை மறித்து நின்றேன்.

"நீங்க யாரு இவருக்கு?" என்று கேட்டார் அதே நர்ஸ்.

"கூட வந்தவ," என்றேன்.

முணுமுணுத்துக்கொண்டே மாற்றினார்கள். பை நிறைய நிறைய அந்த மனிதர் நிம்மதியாய்ப் பெருமூச்சு விட்டுக் கண்ணை மூடினார்.

கோபத்தை விட்டுவிடு தங்கச்சி என்று சொல்லத் தோன்றும் உங்களுக்கு. சொல்லாதீர்கள், அண்ணே. எனக்கு அது இன்னும் வேண்டியிருக்கிறது.