கிழக்குக் கரைக் கொக்கு

மார்ச் 3
ஐந்து வருடமாகப் பூங்காக் குளத்தைப் படம் எடுக்கிறேன். மாடியில் குடியிருக்கும் என் தங்கை போன மாதம்தான் தொடங்கினாள், அதுவும் போனில். இன்று அவள் எடுத்த மீன்கொத்தியை என் கணவர் சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் காட்டினார். என் மீன்கொத்தி அதே அறைச் சுவரில் தொங்குகிறது. யாராவது நிமிர்ந்து பார்த்தார்களா?

மார்ச் 5
வயிறு எரிகிறது. எழுதிவிட்டேன், போதும்.

மார்ச் 9
பூங்கா வாசலில் பெரிய பலகை வைக்கப்போகிறார்களாம். குளத்தின் படம் ஒன்று, எடுத்தவர் பெயரோடு. கேட்டைத் திறக்கும்போதே தோட்டக்காரர் சொன்னார்: "உங்க படத்தத்தான் போடுவாங்க. உங்கள விட்டா யாரு இருக்கா?" வீடு வரை கால் தரையில் படவில்லை.

வீட்டில் தங்கை காத்திருந்தாள். "அக்கா, நானும் ஒண்ணு அனுப்பலாம்னு இருக்கேன். எங்க நின்னா நல்லா வரும்?"

"சாயங்காலம் கிழக்குக் கரைக்குப் போ. அங்கதான் கொக்கு வரும்."

கொக்கு வருவது உண்மை. ஆனால் அந்த நேரம் அங்கே நின்றால் வெயில் நேரே லென்ஸுக்குள் அடிக்கும். கொக்கு கரிக்கட்டையாகத்தான் விழும். நான் பொய் எதுவும் சொல்லவில்லையே?

மார்ச் 10
மழை. அவள் போகவில்லை. அதற்கு எனக்கு ஏன் எரிச்சல்?

மார்ச் 12
போய் வந்தாள். "கொக்கு கறுப்பா விழுந்திருக்குக்கா" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டாள். போனை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை நான். "பரவாயில்ல, அனுப்பிப் பாரு" என்றேன். அப்புறம் அசந்து தூங்கினேன்.

மார்ச் 27
கரிக்கட்டைதான். ஆனால் அதைச் சுற்றிக் குளம் முழுக்கத் தகதகவென்று — அலகிலிருந்து சொட்டும் ஒவ்வொரு துளியிலும் தனியாக வெளிச்சம். பலகையில் அதைத்தான் போட்டிருக்கிறார்கள். இத்தனை நாளும் நான் வெயிலுக்கு முதுகைக் காட்டியே நின்றிருக்கிறேன். நல்ல படம். என்ன பண்றது, நல்ல படம்தான், நாசமாப் போக.

கீழே அவள் பெயர். அதற்கும் கீழே, சின்ன எழுத்தில்: 'இடம் சொன்னது என் அக்கா.' அவளே கேட்டுப் போடச் சொன்னாளாம்.

மார்ச் 28
கணவர் கேட்டார்: "இவ்வளவு நல்ல இடம் தெரிஞ்சும் நீ ஏன் அங்க ஒரு தடவைகூட எடுக்கல?"

லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன்.

ஏப்ரல் 2
சாயங்காலம் கிழக்குக் கரைக்குப் போனேன். அவள் முன்பே வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் நகர்ந்தாள். "இங்க நில்லுக்கா. உன் இடம்தானே."

நின்றேன். கண் கலங்கிவிட்டது. ஏன் என்று கேட்டாள். வெயில் என்றேன். நம்பிவிட்டாள். நான் எதைச் சொன்னாலும் நம்புகிறாள்.