கோலம் விழுங்கிய கடற்கொள்ளையன்

வங்கக் கடலின் ஏகச் சக்கரவர்த்தியும், படகு எஞ்சின் ரிப்பேரில் ஈரேழு பதினாலு உலகத்திலும் நிகரற்றவனும், என்னைக் கடைசிவரை ‘நைனா’ என்றே கூப்பிட்டவனுமான உனக்கு,

நேற்று மத்தியானம் உன் வீட்டம்மா சாந்தோமிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து மயிலாப்பூர் வந்து, ஒரு மஞ்சள் பையை என் மேஜைமேல் வைத்தார். “ஆடி பொறந்துடுச்சிண்ணா. இனிமே புக்கு உங்க வூட்லதானே இருக்கணும்? அவரு இருந்தா கரெக்டா குட்த்திருப்பாரு” என்றார். பைக்குள் நம் புத்தகம். அதை வெளியே எடுப்பதற்குள் வாசனை வந்துவிட்டது. பைண்டிங் பசை, பூச்சிக்காக நீ வைத்த வேப்பிலை, எந்த சோப்புக்கும் மசியாத உன் கையின் எஞ்சின் ஆயில். இந்த மூன்றையும் கலந்து சீசாவில் அடைத்து விற்றிருந்தால் உலகத்து அத்தர் வியாபாரிகள் அத்தனை பேரும் கடையை மூடிவிட்டுச் சந்நியாசம் வாங்கியிருப்பார்கள்.

ராத்திரி முழுக்க அந்தப் பை என்னைப் பார்த்தது, நான் அதைப் பார்த்தேன். திறக்கவில்லை. உன்னிடம் நான் சொன்ன ஒரே பெரிய பொய் அதன் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. அது பொய்யென்று உனக்குத் தெரிந்துவிட்டதா என்பதுதான் நேற்றுவரை எனக்குத் தெரியாது. சின்னச் சின்னப் பொய்கள் ஒரு கோடி சொல்லியிருப்பேன். அவற்றை யார் எண்ணினார்கள்!

நாம் பத்தாவது முடித்த வருஷம் ஞாபகம் இருக்கிறதா? நீ அப்பாவோடு கட்டுமரத்தில் கடலுக்குப் போகத் தொடங்கியிருந்தாய். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வாரப் பத்திரிகை வரும். சாயங்காலம் நாலு மணிக்குக் குளித்து, தலையை வாரிக்கொண்டு, மாப்பிள்ளை போல வந்து எங்கள் மாடிப்படியில் உட்காருவாய். இருவரும் தலையை முட்டிக்கொண்டு அந்தத் தொடர்கதையைப் படிப்போம். சோழர் காலம். ஒரு கடற்கொள்ளையன், அவன் கடத்திக்கொண்டு போன ஓர் இளவரசி, ஒரு கப்பல். கடத்திய மூன்றாவது வாரமே அவள் அவனைக் காதலிக்கத் தொடங்கிவிட்டாள். “கயித்துல கட்டி வச்சிகிறான், அவன்கிட்ட போயி கவித சொல்லிகினு கீறா” என்று நீ தலையில் அடித்துக்கொண்டாய்.

கதையில் நம்பக்கூடியது பக்க எண் ஒன்றுதான். அது கப்பல் ஏறாத எனக்கே தெரிந்தது. கப்பல் ஆடும், ஒருவரும் வாந்தி எடுக்க மாட்டார்கள். குடிதண்ணீர் தீரவே தீராது. கொள்ளையன் வாளை வாயில் கவ்விக்கொண்டு இரண்டு பக்கத்துக்கு வசனம் பேசுவான். ஓர் எழுத்துகூட உளறாது. நீ காதில் செருகிய பென்சிலை எடுத்து ஓரத்தில் எழுதுவாய். ‘மூணு மாசமா கப்பல்ல கீறா. தலைல மல்லிப்பூ எப்டி வாடாம கீது?’ ‘இந்த எடத்துல சுறா வராது.’ ‘உப்புக் காத்துல முடி இப்டிப் பறக்காது, சடை புடிக்கும்.’

இவ்வளவு குற்றம் கண்டுபிடித்த நீ, கொள்ளையன் இளவரசியின் பாதத்திலிருந்து முள் எடுக்கும் அத்தியாயத்தில் விசும்பினாய். நடுக்கடலில் முள் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டதற்கு, “மூட்றா” என்றாய். அன்றைக்கு நீ விட்ட கண்ணீரில் மெரினாவில் அலை இரண்டடி ஏறியது. கண்ணால் பார்த்தவன் நான். பிறகு ஒருநாள் நீயாகவே சொன்னாய்: “நான் கடல்ல பாத்தது எதுவுமே இதுல இல்ல நைனா. அதனாலதான் படிக்கிறேன்.” அந்த மாதம் உன் சித்தப்பா கடலுக்குப் போய்த் திரும்பவில்லை.

கடைசி அத்தியாயம் பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு வந்தது. நான் கடைக்குப் போயிருந்த அரைமணி நேரத்தில் என் தங்கை கத்தரிக்கோலை எடுத்துவிட்டாள். பக்கத்தின் பின்புறம் பொங்கல் கோலம் அச்சாகியிருந்தது. சரியாக அதை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டாள். நமக்கு மிச்சம் கிடைத்தது இவ்வளவுதான். எரிகிற கப்பலிலிருந்து இளவரசியின் மோதிரத்தைக் கவ்விக்கொண்டு கொள்ளையன் கடலில் குதிக்கிறான். கரை ஏழு காதம். மறுநாள் பொழுது புலரும் வேளையில் இளவரசி கரையில் நிற்கிறாள். ‘அப்போது தொலைவில்’ என்று வரி முடிகிறது. பிறகு ஒரு பெரிய ஓட்டை. ஓட்டைக்குக் கீழே, ‘முற்றும்’.

நான் போட்ட கூச்சலில் கபாலி கோயில் கோபுரத்துப் புறாக்கள் பறந்து போய் அடையாற்றில் குடியேறின. தங்கை அசையவில்லை. “பின்ன வாசல்ல என்னத்தைப் போடறதுண்ணா? உங்க திருட்டுப்பயலோட மூஞ்சியையா?” என்றாள். மிச்சத்தை அடுப்பு பற்றவைக்க அம்மா எடுக்குமுன் பிடுங்கினோம். கோலத் துண்டு அதற்குள் வாசலில் தண்ணீர்பட்டுக் கூழாகியிருந்தது.

கீழ்வீட்டு அக்கா கதையைப் படித்திருந்தார். “முடிவு நான் சொல்றேனே” என்றார். நீ இரண்டு காதையும் பொத்திக்கொண்டாய். “வாணாங்க்கா, நாங்களே படிச்சிக்கிறோம்.” பழைய புத்தகக் கடையில் கிடைத்துவிடும் என்று அவ்வளவு நம்பிக்கை. லஸ், பாண்டி பஜார், திருவல்லிக்கேணி நடைபாதை என்று சலித்தோம். கிடைக்கவில்லை. கீழ்வீட்டு அக்காவும் வடபழனிக்குக் குடிபோய்விட்டார்.

ஓட்டையோடு பைண்ட் செய்தோம். தை முதல் ஆனி வரை உன் வீடு, ஆடி முதல் மார்கழி வரை என் வீடு என்று சட்டம் போட்டோம். நாற்பது வருஷம் வாதாடினோம். அவன் வந்திருப்பான் என்பது என் கட்சி. நீ விரலை மடக்குவாய். “ஒரு காதம்னா எத்தினி?” “பத்து மைலு.” “ஏழு காதம் எழுவது மைலு. திமிங்கலமே மூச்சு வாங்கும், இவன் வாயில மோதரத்த வச்சிகினு நீந்துவானா? செரி, கப்பல்ல வந்தான்னு வையி. விடியக்காலைல இன்னா காத்து? கரைக்காத்து. தரைலேர்ந்து கடலுக்குப் போற காத்து. அதுல நாங்க உள்ளாற போவோம், மத்தியானக் காத்துல திரும்புவோம். பாய் வச்ச கப்பலு விடியல்ல கரைக்கு வராது. செத்துட்டான் நைனா, வுடு.” தங்கை வருஷா வருஷம் பொங்கலுக்கு அதே கோலத்தைத்தான் போட்டாள், வேண்டுமென்றே. நீ அதை மிதிக்காமல் சுற்றி வருவாய். “அவன் சமாதி” என்பாய்.

போன சித்திரையில் நீ அடையாறு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாய். எஞ்சினை ஒற்றைக் கையால் தூக்கியவன், தண்ணீர் டம்ளரை இரண்டு கையால் பிடித்தாய். ஊர்க்கதை எல்லாம் பேசி முடித்த பிறகு மெல்லச் சொன்னாய்: “அவன் வந்தானா இல்லியான்னு தெரிஞ்சிகினு போலாம்னு பாத்தேன்.”

அன்றைக்குத்தான் நான் கதாசிரியன் ஆனேன். நான்கு நாள் எழுதினேன். மாடவீதி ஜெராக்ஸ் கடைப் பெண் டைப் அடித்துக் கொடுத்தாள், பழைய எழுத்து மாதிரி வேண்டும் என்று நான் படுத்திய பாட்டில், “அங்கிள், இது சொத்துப் பத்திரம் இல்லையே?” என்று பயந்தாள். தாளை டீயில் நனைத்து, மொட்டைமாடி வெயிலில் காயவைத்து, நாற்பது வருஷத்தில் மனப்பாடமாகிவிட்ட ஓட்டையின் அளவுக்கு வெட்டினேன். திருவல்லிக்கேணியில் கிடைத்தது என்று சொல்லி, உன் கட்டிலருகே நின்று அரச சபைக் குரலில் படித்தேன். தொலைவில் ஒரு கப்பல், பாய்கள் புடைக்க, விடியற்காற்று உந்தித் தள்ள, கரையை நோக்கிப் பாய்ந்து வருகிறது, முகப்பில் அவன்!

பக்கத்துக் கட்டிலில் இருந்த டெய்லர் பெரியவர் எழுந்து உட்கார்ந்தே விட்டார். “கல்யாணம் ஆச்சா இல்லியா, அத்த சொல்லு வாத்தியாரே.”

“ஆச்சு, ஆச்சு. யானைமேல ஊர்வலம்” என்றேன். தாளில் இல்லாத யானை.

நீ கண்ணை மூடியிருந்தாய். “கப்பல்ல வந்தானா?”

“ஆமா.”

“பாய் வச்ச கப்பலா?”

“ஆமாண்டா.”

“உம்” என்றாய். தாளை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாய்.

திரும்பும்போது ஆட்டோ பாலத்தில் ஏறியதும்தான் உறைத்தது. நாற்பது வருஷம் நீ ஓதிய காற்றுப் பாடத்தைப் பேனா பிடித்ததும் மறந்திருந்தேன். போகட்டும், அதைக் கதாசிரியர் தலையில் கட்டலாம். ஆனால் தாளின் பின்பக்கம்? அங்கே கோலம் இருக்க வேண்டும். என்னுடையதில் வெறும் டீக்கறை. நீ அதைத் திருப்பியிருப்பாய். சாகக் கிடக்கிற சிநேகிதனைக் குழந்தை மாதிரி ஏமாற்றப் பார்த்தான் என்று நினைத்திருப்பாய். அதற்குப் பிறகு மூன்று தடவை வந்தேன். மீன் விலையும் ஊர்க்கதையும்தான் பேசினோம். நாலாவது தடவை வந்தபோது கட்டில் காலி.

இன்றைக்குக் காலையில் திறந்தேன். என் துண்டு ஓட்டையில் கச்சிதமாக ஒட்டியிருந்தது. நேரே பின்பக்கத்தைத் திருப்பினேன். பென்சிலில் ஒரு கோலம். புள்ளிகள் கோணல்மாணலாக, ஆனால் ஒன்று குறையாமல், எங்கள் வாசலில் நீ சுற்றி வந்த அதே கோலம்.

உன் வீட்டம்மாவுக்கு போன் போட்டுக் கோலத்தைப் பற்றிக் கேட்டேன். “அதுவாண்ணா? ரெண்டு நாளு ஆஸ்பத்திரில குந்திகினு புள்ளி வச்சாரு. ‘குடு, நான் போடறேன்’னேன். ‘உனுக்குத் தெரியாது, இது அவன் தங்கச்சி கோலம், ஒரு புள்ளி மாறக்கூடாது’ன்னாரு. ஏண்ணா, எதுனா முக்கியமானதா?”

“ஒண்ணுமில்லம்மா” என்றேன். என் கோடி பொய்களில் இன்னொன்று.

பிறகு முன்பக்கம். மற்றப் பக்கங்களில் நீ வைத்த குத்தல்கள் இங்கே ஒன்றுமில்லை. மோதிரம் பற்றி இல்லை, கப்பல் எப்படிக் கிடைத்தது என்று இல்லை. என் விடியற்காற்றின் பக்கத்தில் மட்டும் ஒரு வரி:

‘கரைக்காத்து. கப்பலு வராது. வரட்டும்.’

படித்ததும் வீட்டில் இருக்க முடியவில்லை. நடந்தே சாந்தோம் கடற்கரைக்குப் போனேன். உன்னோடு கடலுக்குப் போன சேனையில் மிச்சமிருந்த இரண்டு பேர் வலையை உதறிக்கொண்டிருந்தார்கள். காற்று என் முதுகில் மோதிக் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது, நீ சொன்னது சொன்னபடி. தை பிறந்ததும் புத்தகத்தை உன் வீட்டில் கொடுத்துவிடுவேன், சட்டம் சட்டம்தான். வெயில் சுடத் தொடங்கும்வரை நின்றிருந்தேன், தொலைவில் ஏதாவது பாய் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டு.

உன்,
நைனா