செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் உறங்கிய லப்டொப்

கொட்டாஞ்சேனை,
ஜூன் 8, ஞாயிறு.

அன்பு மகள் ஷெரோமிக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் உன் டடாவும் நானும் சுகமாக இருக்கிறோம், அந்த ஊர்க் குளிர் உன் நெஞ்சில் இறங்காமல் இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் எங்கள் மன்றாட்டு. எவ்லின் அன்ட்டி வெள்ளிக்கிழமை அங்கே நியூசிலாந்துக்குத் தன் மகனிடம் வருகிறார், அவரிடம் கறித்தூளும் இந்தக் கடிதமும் கொடுத்துவிடுகிறேன். கருவாடு வைக்கவில்லை, அங்கே விமான நிலையத்தில் பையைக் கிளறி எடுத்துவிடுவார்களாம், பாவம் அவரை ஏன் சங்கடப்படுத்த வேண்டும். போனில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. லப்டொப் கதையை எடுத்தவுடன் நீ அங்கிருந்தபடியே அதற்குள் புகுந்து சரிசெய்கிறேன் என்பாய், இல்லாவிட்டால் புதிதாக ஒன்று அனுப்புகிறேன் என்பாய். இரண்டும் வேண்டாம் என்பதை நீ இடையில் கதைக்காமல் கேட்க வேண்டும்.

நீ விட்டுப்போன அந்த லப்டொப்பில்தான் மொழிபெயர்ப்பு டிப்ளோமாவின் கடைசி வேலையைச் செய்கிறேன் என்பது உனக்குத் தெரியும். தொடர்மாடியில் வீடு எடுக்கிறவர்கள் கையெழுத்துப் போடும் சிங்கள ஒப்பந்தம், அறுபத்திரண்டு பக்கம், அதைத் தமிழாக்க வேண்டும். ஜிந்துப்பிட்டியிலிருந்து ஒரு பெண் எங்கள் ஒஃபிசுக்கு வந்து, கையெழுத்துப் போட்டுவிட்டேன் மிஸ், இனி இதில் என்ன இருக்கிறது என்று வாசித்துச் சொல்லுங்கள் என்று கேட்டாள். அன்றைக்கே இதைத்தான் செய்வது என்று முடிவெடுத்தேன். ஆனால் போன வருடம் ஏன் கையளிக்கவில்லை என்று உனக்குத் தெரியாது. ஒஃபிசில் வேலை கூடிவிட்டது என்று சொன்னேன், அது பொய். பத்தொன்பது பக்கங்கள் ஒரே நாளில் திறக்க முடியாமல் கெட்டுப்போயின. இந்த வயதில் எனக்கு இது சரிவராது என்று நினைத்து மூடி வைத்துவிட்டேன். அதை உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. இந்த மாதம் இருபத்தேழாம் திகதி மறுபடி கடைசி நாள், இதையும் விட்டால் பதிவே ரத்தாகிவிடும்.

எனக்குக் கிடைப்பது காலையில் ஐந்தரை முதல் ஆறரை வரைதான். அந்த மெஷினில் அகராதிகள், ஸ்கான் பண்ணிய பக்கங்கள், என் குறிப்புகள் என்று ஒவ்வொன்றாகத் திறக்கவே இருபது நிமிடம் போகும். அதனால்தான் ஹைபர்னேற் பண்ணச் சொல்லி நீ காட்டித் தந்தாய், எல்லாவற்றையும் தனக்குள் எழுதி வைத்துவிட்டு அணையும், அடுத்த நாள் விட்ட இடத்திலேயே திறக்கும் என்றாய். அதுதான் நடக்கவில்லை. அழுத்தினால் திரை கறுக்கும், மறுநாள் திறந்தால் ஒன்றும் இல்லை, ஒழுங்காக அணைக்கவில்லை என்று என்னையே குற்றம் சொல்லும். சந்தியில் கடை வைத்திருக்கும் அப்ஹாமிடம் கொண்டுபோனேன். நல்ல பிள்ளை, கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, மிஸ், இது பட்ட பாட்டுக்கு இதுக்கு ஓய்வூதியம் குடுக்கோணும், ஃபோமட் அடிச்சுத் தாறன் என்றான். எல்லாம் அழிந்துபோகும் என்றதும் திருப்பித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதன்பிறகு நானே பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன். டிஸ்க்கில் இடம் இல்லாவிட்டால் எழுதி வைக்க முடியாது என்று வாசித்தேன், உன் பாட்டுகளையும் படங்களையும் பென் டிரைவுக்கு மாற்றினேன், பயப்படாதே, ஒன்றும் அழிக்கவில்லை. திரையில் கட்டளை அடிக்கும் அந்தக் கறுப்புப் பெட்டியைத் திறந்து ஹைபர்னேற்றை நிறுத்தி மறுபடி தொடக்கினேன். மௌஸ் அசைந்தாலே விழித்துக்கொள்ளும் என்று அதன் அனுமதியையும் எடுத்துவிட்டேன். ஒன்றும் சரிவரவில்லை. பிறகு ஒரு கொப்பியில் தினமும் குறித்தேன், என்ன மாற்றினேன், அடுத்த நாள் எழும்பியதா இல்லையா என்று. நாலு கிழமை, இருபத்தெட்டு நாள் முடிந்து பார்த்தால் நாலு நாட்கள்தான் ஒழுங்காக எழும்பியிருக்கிறது, நாலும் செவ்வாய்க்கிழமை மூடிய நாட்கள். டடாவிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டு, செவ்வாய் அந்தோனியாருடைய நாள், தொலைஞ்சதை எடுத்துத் தாறது அவர்ட வேலைதானே, மெழுகுதிரி ஒண்டு கொளுத்து என்றார்.

செவ்வாய்க்கிழமைகளில் டடா விடியப் பூசைக்குப் போய் அப்படியே துறைமுகத்துக்கு வேலைக்குப் போய்விடுவார். மற்ற நாட்களில் இருவரும் ஒன்றாகத்தான் இறங்குவோம். கரண்ட் வெட்டு இருந்த காலத்தில் கீழ் வீட்டு டீவி எரிந்ததிலிருந்து அவர் வெளிக்கிடுமுன் வீடு முழுக்கப் போய் ஒவ்வொரு சுவிட்சாக நிறுத்துவது உனக்குத் தெரியும். செவ்வாயில் அந்தப் பொறுப்பு என்னுடையது, நான் மறந்துவிடுவேன், அதை அவரிடம் சொல்வதும் இல்லை. பற்றறி ஊதிப்போய்க் கழற்றிவிட்டதால் அந்த லப்டொப் சுவர்க் கரண்டில்தான் உயிரோடிருக்கிறது. நேற்று அதற்கு முன்னால் செபமாலையோடு உட்கார்ந்து அழுத்திப் பார்த்தேன். திரை உடனே கறுத்தது, பக்கத்திலுள்ள சின்ன வெளிச்சம் மட்டும் மினுங்கிக்கொண்டே இருந்தது. பத்து அருள் நிறைந்த மந்திரம் சொல்லி முடிந்த பிறகுதான் அணைந்தது. அவ்வளவு நேரமும் அது எழுதிக்கொண்டிருக்கிறது. டடா கறுத்த திரையைக் கண்டு, முடிந்துவிட்டது என்று நினைத்துச் சுவிட்சை நிறுத்தியிருக்கிறார். போன வருடப் பத்தொன்பது பக்கமும் இப்படித்தான் போயிருக்க வேண்டும்.

சொல்வதா விடுவதா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். சொல்லாவிட்டால் நாளைக்கும் நிறுத்துவார். சொன்னேன். அவர் தேத்தண்ணீர்க் கோப்பையை வைத்துவிட்டு, "அப்ப இவ்வளவு காலமும் உன்ர எழுத்தை நான்தான் அழிச்சனானா, பிறிஜெற்?" என்று கேட்டார். முகம் வாடிவிட்டது. "நீங்க வீட்டைக் காத்தீங்க, மெல்ரோய். அதுக்குள்ள என்ன இருக்கெண்டு நான் உங்களுக்குச் சொல்லேல்லையே," என்றேன். உண்மையும் அதுதான். பொழுதுபோக்குக்குப் படிக்கிறேன் என்றுதான் அவரிடமும் சொல்லி வைத்திருந்தேன், தோற்றால் யாருக்கும் தெரியக்கூடாது என்று. மெஷினில் கோபப்பட்டதும் என் வயதைக் குற்றம் சொன்னதும் எனக்குச் சுகமாக இருந்திருக்கிறது போல. பிறகு அவரைப் பக்கத்தில் இருத்தி ஒப்பந்தத்தைக் காட்டினேன், ஒரு மணித்தியாலம் கேட்டுக்கொண்டிருந்தார், இரண்டு இடத்தில் என் தமிழ் விளங்கவில்லை என்றார், திருத்தினேன். அதன்பின் மூடினேன். வெளிச்சம் அணையும்வரை அவர் சுவிட்சுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

இன்று காலையில் திறந்தேன். எல்லாம் விட்டபடி இருந்தது, பாதியில் நின்ற வசனம் உட்பட. நாற்பத்தொரு பக்கம் முடிந்துவிட்டது, இன்னும் இருபத்தொன்று. இனி ஆறரைக்கு அல்ல, ஆறு இருபத்தைந்துக்கே மூடுவேன். ஆகவே புதிய லப்டொப் எதுவும் வாங்காதே, அந்தக் காசில் உனக்கு ஒரு நல்ல ஜக்கெட் வாங்கு. காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே, தலை ஈரத்தோடு வெளியில் போகாதே, ஞாயிறு பூசையைத் தவறவிடாதே. நீயும் ஏதாவது சரிவராமல் கிடந்தால் என்னைப்போல மூடி வைக்காமல் சொல்லு.

இருபத்தேழாம் திகதி நானே போய்க் கையளிக்கப் போகிறேன். டடா அன்றைக்கு லீவு கேட்டிருக்கிறார், தானும் வருவாராம். வரட்டும். ஃபைலை நான்தான் பிடிப்பேன்.

தேவதாய் உன்னைத் தன் போர்வைக்குள் வைத்திருக்கட்டும். அன்று காலையில் எனக்காக ஒரு செபம் சொல்ல மறந்துவிடாதே.

உன் நெற்றியில் சிலுவை அடையாளம் இட்டு,
அம்மா பிறிஜெற்