எழுதிக் கொடுப்பவர்

அன்புள்ள அண்ணாவுக்கு,

பாப்பா இளைப்பு அடங்கி இப்போதுதான் தூங்கினாள். உன்னையும் அண்ணியையும் நலம் விசாரித்துத்தான் தொடங்க நினைத்தேன். கை வரவில்லை.

நேற்று நீ அனுப்பிய பத்திர எழுத்தர் வந்தார். நான் கீழ் அறையில் பாப்பாவை மடியில் போட்டு ஆவி காட்டிக்கொண்டிருந்தேன். "வீட்டு வரியில பேர் மாத்தத்தாம்மா, சும்மா ஒரு கையெழுத்து" என்று ஒவ்வொரு தாளிலும் அடிப்பகுதியை மட்டும் விரித்து நீட்டினார். படித்துவிட்டுப் போடுகிறேன் என்றதற்கு, "படிச்சவங்களே சந்தேகப்பட்டா எப்படிம்மா?" என்று சிரித்தார். கூச்சப்பட்டு முதல் தாளில் போட்டும் விட்டேன்.

இரண்டாவது தாளில்தான் கண்ணில் பட்டது. நீ 'எழுதி வாங்குபவர்'. நான் 'எழுதிக் கொடுப்பவர்'. நான் குடியிருக்கும் இந்த அப்பா வீட்டில் எனக்குள்ள பாதியை உனக்கு விட்டுக்கொடுக்கிறேனாம். அதுவும் 'சுயநினைவுடன், யாருடைய தூண்டுதலும் இன்றி, மனப்பூர்வமாக'. என் மனதை எனக்கே தெரியாமல் தட்டச்சு செய்து அனுப்ப உனக்கு எப்படி அண்ணா மனம் வந்தது?

போனில் கேட்டால், "அது வெறும் சம்பிரதாயம்டி, உன்னை யாரு வெளியே போகச் சொன்னா?" என்கிறாய். அப்படியானால் போன வாரம் யாரோ ஒருவர் என் சமையலறைச் சுவரை டேப் வைத்து அளந்துவிட்டுப் போனாரே, அது எதற்கு? ஈரம் ஏறாத அறை இந்த வீட்டில் நாங்கள் படுக்கும் இந்தக் கீழ் அறை ஒன்றுதான். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நான் எங்கே போவேன்?

உன் பள்ளிக் கட்டுரை, வேலைக்கான விண்ணப்பம், அண்ணிக்கு நீ கொடுத்த முதல் கடிதம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தவள் நான்தான். அப்போதெல்லாம் முகத்தைப் பார்த்துக் கேட்டாய். இதையும் அப்படிக் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்பது உனக்கே தெரியும். அதுதான் ஆறவில்லை.

நான் கையெழுத்திட்ட அந்த முதல் தாளை அவரிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. பாப்பாவின் மருந்துச் சீட்டுகளோடு பத்திரமாக இருக்கிறது. வேண்டுமென்றால் நீயே வா. வந்து இந்த அறையில், அவள் மூச்சு விடும் சத்தம் கேட்கும் தூரத்தில் உட்கார்ந்து கேள்.

நீ நன்றாக இருக்க வேண்டும் அண்ணா. இதை மட்டும் யார் தூண்டுதலும் இல்லாமல், மனப்பூர்வமாக எழுதிக் கொடுக்கிறேன்.

உன் தங்கை