கூடை மட்டும் கீழே போகிறது

தாம்பா
மார்ச் 3

அன்புள்ள ஏவேலியோ அண்ணா,

முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. அங்கே கரண்ட் இல்லாமல் உன் போன் எப்போதும் செத்துக் கிடக்கிறது, அதனால்தான் கடிதம். இங்கே என்னோடு வேலை செய்கிற யுசிமி நம் ஊருக்கு வருகிறாள். அவள் பெட்டியில் காபித்தூள், வலி மாத்திரை, உன் மனச்சோர்வு மாத்திரை எல்லாம் வைத்திருக்கிறேன். டாக்டர் சொன்னபடி அந்தக் காலைத் தினமும் மடக்கி நீட்டு. உயிர் போகிற மாதிரி வலிக்குமாம், அதற்காக விட்டுவிடாதே. மாத்திரையையும் நிறுத்தாதே. அண்ணி இறந்தபோது நீ சுவரையே பார்த்துக்கொண்டு கிடந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. சீக்கிரம் எழுந்து கடற்கரைச் சுவரில் போய் உட்கார்.

உன் தங்கை,
மிர்த்தா

சியென்ஃபுவேகோஸ்
ஏப்ரல் 20

அன்புத் தங்கச்சிக்கு,

புது முழங்கால் ராஜா மாதிரி இருக்கிறது. அதை எங்கே கூட்டிக்கொண்டு போவது என்றுதான் தெரியவில்லை. பயிற்சி கொடுக்க வருகிற பெண் நாலு மாடி ஏறி மூச்சு வாங்க நிற்கிறாள். "கொஞ்சம் மடக்குங்க ஐயா" என்று கெஞ்சுகிறாள். "நாளைக்குப் பாப்போம்மா" என்று திரும்பிப் படுத்துக்கொள்கிறேன். பால்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கினால் கீழ்வீட்டுக்காரர் ரொட்டி போட்டு அனுப்புகிறார். அது போதும்.

உன் பொட்டலம் வந்தது. காபி வாசனைக்குக் கட்டடமே வாசலில் வந்து நின்றது. எதிர்வீட்டு நெரெய்தாவும் வந்தாள். அவளுக்கும் அதே மனச்சோர்வு மாத்திரைதான். மருந்துக் கடையில் கிடைக்கவில்லை. "இருந்தாக் குடுங்கண்ணே, பிள்ளைங்களைப் பாத்தாலே எரிஞ்சு விழுறேன்" என்று அழுதாள். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன். கோபப்படாதே. அவளுக்கு இரண்டு குழந்தைகள். எனக்கு யார் இருக்கிறார்கள்?

உன் அண்ணன்,
ஏவேலியோ

தாம்பா
மே 14

அண்ணா,

"எனக்கு யார் இருக்கிறார்கள்" என்று எனக்கே எழுத உனக்கு எப்படி மனசு வந்தது? அப்ப நான் யாரு?

ஹோட்டல் சலவை அறையில் நின்றுதான் படித்தேன். நாளெல்லாம் போர்வை மடிக்கிறேன், உன் ஒரு காலை மடக்க வைக்க என்னால் முடியவில்லை. ஓடி வந்துவிடலாம் என்று வக்கீலிடம் கேட்டேன். "உங்க குடியுரிமைப் பேப்பர் இன்னும் வரலை, இப்ப நாட்டை விட்டுப் போனா திரும்ப உள்ள விட மாட்டாங்க" என்றார். மகளை இங்கே விட்டுவிட்டு எப்படி வருவேன்?

இந்த முறை இரண்டு பொட்டலம். ஒன்று நெரெய்தாவுக்கு. உன்னுடையதையும் அவளிடமே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். நீ விழுங்கும்வரை அவள் எதிரே நிற்கட்டும். காலை மடக்கு அண்ணா. உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

மிர்த்தா

சியென்ஃபுவேகோஸ்
செப்டம்பர் 2

என் மிர்த்தாவுக்கு,

உன் கடிதத்தை நெரெய்தாவுக்குப் படித்துக் காட்டினேன். "கூடப் பிறந்தவளை இப்படியா அழ வைப்பீங்க? வாயைத் திறங்க!" என்று திட்டினாள். அன்றிலிருந்து மாத்திரை தவறவில்லை. அவள் வீட்டில் இப்போது சிரிப்புச் சத்தம் கேட்கிறது.

எனக்கும் மாத்திரை வேலை செய்கிறது. எப்படித் தெரியும் என்கிறாயா? நேற்று அழுதேன். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "அப்பவே மடக்கியிருந்தா இது நல்ல காலு. இப்ப இறுகிப்போச்சு. இனி இவ்வளவுதான்" என்றார். நாற்காலியில் உட்காரலாம், படி இறங்க முடியாது. சுவரைப் பார்த்துக் கிடந்த நாட்களில் இதைச் சொல்லியிருந்தால் "சரி" என்றிருப்பேன். இப்போதுதான் உறைக்கிறது. நீ சொன்ன கடற்கரைச் சுவர் பால்கனியிலிருந்து தெரிகிறது. கூடை மட்டும் கீழே போய் வருகிறது.

வக்கீல் சொன்னது நினைவிருக்கிறது. கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். முன்பெல்லாம் நீ வராவிட்டாலும் பரவாயில்லை என்றிருந்தது. இப்போது அப்படி இல்லை.

எப்பம்மா வருவே?

உன் அண்ணன்,
ஏவேலியோ